ஒரு வீடு, ஒரு கேள்வி: அஞ்சு கட்டைன்னா எத்தனை ஹெர்ட்ஸ்?

சனிக்கிழமை காலை ஏழரை மணி. தலையில் எண்ணெய் வழிய, ஹாலில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிறாள் ஐந்தாம் வகுப்பு படிக்கும் சின்னவள். புதிதாகச் சேர்ந்திருக்கும் பாட்டு வகுப்பின் டீச்சர் வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு வரிதான் அனுப்பியிருந்தார்: ‘பாப்பாவுக்கு 5 கட்டை சுருதி வெச்சு சரளி வரிசை பாடச் சொல்லுங்க.’

அப்பா போனில் தம்புரா ஆப் ஒன்றை இறக்கினார். திறந்து பார்த்தால் கட்டையைக் காணோம். ஏ, பி, சி, டி என்று வெறும் ஆங்கில எழுத்துகள். சில எழுத்துகளுக்குப் பக்கத்தில் வேலி மாதிரி ஒரு குறி. கீழே பொடியாக ஏதோ ஹெர்ட்ஸ் கணக்கு.

“ஏ, பி, சி, டி, ஈ... அஞ்சாவது எழுத்து ஈ. அவ்வளவுதானே!” என்று ஈ-யை அமுக்கிவிட்டார்.

தம்புரா ரீங்கரித்தது. சின்னவள் ‘ச’ பிடிக்கப் பார்த்தாள். குரல் தொண்டைக்குக் கீழே எங்கேயோ போய் மாட்டிக்கொண்டது. முணுமுணுப்புதான் வந்தது.

“அப்பா, இது தாத்தா குரல்ல பாடுற மாதிரி இருக்கு!”

அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த பாட்டி, தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னார்: “டேய், நீ வெச்சிருக்கறது மூணு கட்டைடா. பச்சக் குழந்தையை ஆம்பளை சுருதியில பாட வைக்கிறியே!”

போனைப் பார்க்காமல் பாட்டிக்கு எப்படித் தெரிந்தது? அந்தப் பதில் பரணில் இருக்கிறது. பழைய புடவை சுற்றி வைத்திருக்கும் ஆர்மோனியப் பெட்டி.

கட்டை எண்ணுவது எப்படி?

சுருதியைச் சொல்லும் ‘கட்டை’ வேறொன்றும் இல்லை. ஆர்மோனியத்தில் விரலால் அமுக்குகிற வெள்ளை, கறுப்புக் கட்டைகள்தான். மேற்கத்தியர் ‘சி’ என்று அழைக்கும் வெள்ளைக் கட்டை நமக்கு 1. அடுத்தடுத்த வெள்ளைகள் 2, 3, 4 என்று 7 வரை போகும். நடுவில் இருக்கும் கறுப்புகள் அரைகள்: ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. ஆப்பில் வேலி மாதிரி தெரிந்த குறி இந்தக் கறுப்புகளுக்கானது. அதை ‘ஷார்ப்’ என்பார்கள். 3-க்கும் 4-க்கும் நடுவில் கறுப்பு கிடையாது. ஆகவே, மூன்றரைக் கட்டை என்று ஒரு சுருதி உலகத்திலேயே இல்லை. ஏழரையும் இல்லை. (சனி மட்டும்தான் ஏழரை என்பது பாட்டியின் ஜோக். மருமகள் சிரிக்கவில்லை.)

அப்பா செய்த தப்பு இப்போது புரிந்திருக்கும். ஆங்கில எழுத்து ‘ஏ’-யில் தொடங்குகிறது. கட்டைக் கணக்கு ‘சி’-யில் தொடங்குகிறது. சி 1, டி 2, ஈ 3, எஃப் 4, ஜி 5, ஏ 6, பி 7. டீச்சர் கேட்ட 5 கட்டை என்பது ‘ஜி’.

சரி, அந்த ஹெர்ட்ஸ்? ஒரு விநாடியில் காற்று எத்தனை முறை அதிர்கிறது என்ற எண்ணிக்கைதான் அது. இன்றைக்கு ஆப், கீபோர்டு, எலெக்ட்ரானிக் சுருதிப் பெட்டி எல்லாம் பொதுவாக ஒரே இடத்திலிருந்து கணக்கைத் தொடங்குகின்றன: நடு ஸ்தாயியின் 6 கட்டை, அதாவது ‘ஏ’, 440 ஹெர்ட்ஸ். அங்கிருந்து ஒவ்வொரு கட்டையாக (கறுப்பையும் சேர்த்து) மேலே போகப் போக 1.05946 ஆல் பெருக்க வேண்டும். கீழே வர வர வகுக்க வேண்டும். அது என்ன விநோதமான எண் என்றால், அதை 12 முறை தன்னோடு தானே பெருக்கினால் சரியாக 2 வரும். ஒரு ஸ்தாயியில் 12 கட்டைகள். மேல் ஸ்தாயி ‘ச’, கீழ் ஸ்தாயி ‘ச’வைப்போல இரண்டு மடங்கு வேகமாக அதிர வேண்டும். இரண்டுக்கும் பொருந்துகிற எண் அது ஒன்றுதான்.

போன் கால்குலேட்டரிலேயே செய்து பார்க்கலாம். 440-ஐ 1.05946 ஆல் வகுத்தால் 415.3, அது ஐந்தரைக் கட்டை. இன்னொரு முறை வகுத்தால் 392. அதுதான் 5 கட்டை. இப்படியே போட்டால் கிடைப்பது: 1 கட்டை 261.6, ஒன்றரை 277.2, 2 கட்டை 293.7, இரண்டரை 311.1, 3 கட்டை 329.6, 4 கட்டை 349.2, நாலரை 370, 5 கட்டை 392, ஐந்தரை 415.3, 6 கட்டை 440, ஆறரை 466.2, 7 கட்டை 493.9. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால், மனிதக் குரலில் நடு ஸ்தாயி ‘ச’ இவ்வளவு உயரத்தில் இருக்காது. இந்த எண்களைப் பாதியாக்க வேண்டும். 5 கட்டையில் பாடும் பெண்ணின் ‘ச’ 196 ஹெர்ட்ஸ். 1 கட்டையில் பாடும் ஆணின் ‘ச’ 130.8. இந்த இரண்டையும் வகுத்துப் பாருங்கள். ஏறத்தாழ ஒன்றரை வரும். அதாவது அவருடைய ‘ப’தான் இவருடைய ‘ச’. கச்சேரி மேடைகளில் ஆண்கள் பெரும்பாலும் 1, 2 கட்டைப் பக்கமும், பெண்கள் நாலரை, ஐந்து, ஐந்தரைப் பக்கமும் பாடுவதால், எண்ணைக் கேட்டதுமே அது யாருடைய குரல் என்று பழகியவர்கள் சொல்லிவிடுவார்கள். பாட்டி சொன்னதும் அப்படித்தான்.

திருப்பியும் போடலாம். ஆப்பில் ஒரு ஹெர்ட்ஸ் எண் தெரிகிறது; அது எத்தனை கட்டை? அதை 261.6 ஆல் வகுத்து, விடைக்கு ‘லாக்’ போட்டு (போனைப் படுக்க வைத்தால் கால்குலேட்டரில் அந்தப் பட்டன் வரும்), அதை 39.86 ஆல் பெருக்குங்கள். 392-க்கு 7 வரும். 1 கட்டையிலிருந்து கறுப்பு வெள்ளை எல்லாம் சேர்த்து ஏழு இடம் தள்ளி எண்ணினால் ஒன்றரை, இரண்டு, இரண்டரை, மூன்று, நாலு, நாலரை, ஐந்து. சரியாக 5 கட்டை. விடை மைனஸில் வந்தால் அது கீழ் ஸ்தாயி. 12-ஐக் கூட்டிக்கொண்டால் போதும்.

440-ஐ யார் முடிவு செய்தது?

பரணிலிருந்து ஆர்மோனியம் இறங்கியது. தூசி தட்டி, துருத்தியை அழுத்தி, பாட்டி 5 கட்டையை அமுக்கினார். ஆப்பைப் பக்கத்தில் வைத்தால் 387 காட்டியது. “பாத்தியா, உன் பெட்டிதான் தப்பு” என்றார் அப்பா. “இந்தப் பெட்டியில பாடித்தான் நாலு பேருக்குக் கல்யாணம் ஆச்சு” என்றார் பாட்டி.

பெட்டியைக் குறை சொல்ல முடியாது. உள்ளே இருக்கும் பித்தளை நாக்குகளில் அழுக்கும் பச்சையும் ஏற ஏறச் சுருதி நகரும். ரிப்பேர்க்காரர் நாக்கின் நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும்; அடியைச் சுரண்டினால் இறங்கும். அதற்கும் மேலே, 440 என்பதே சமீபத்திய ஏற்பாடுதான்.

இங்கிலாந்தில் ஜான் ஷோர் என்ற டிரம்பெட் கலைஞர் சுருதிக் கவையை உருவாக்கியது 1711-ல். அதற்குப் பிறகும் ஊருக்கு ஒரு ‘ஏ’ இருந்தது. பிரான்ஸ் 1859-ல் சட்டம் போட்டு 435 என்று வைத்தது. இத்தாலியில் இசையமைப்பாளர் வெர்டி 432-ஐ ஆதரித்தார். பிரிட்டனில் 439. கடைசியில் 1939 மே மாதம் லண்டனில் கூடிப் பேசி 440 என்று முடிவெடுத்தார்கள். சர்வதேசத் தர அமைப்பு 1955-ல் அதை ஏற்றது.

439-க்கும் 440-க்கும் அப்படி என்ன வித்தியாசம்? இங்கேதான் சுவாரஸ்யம். அந்தக் காலத்தில் பிபிசி வானொலி, விநாடிக்கு 10 லட்சம் முறை அதிரும் ஒரு படிகத்திலிருந்து சுருதி ஒலியை உருவாக்கியது. பத்து லட்சத்தை 1,000 ஆகக் குறைத்து, அதை 11 ஆல் பெருக்கி, 25 ஆல் வகுத்தால் 440. ஆனால் 439 பகா எண். சின்னச் சின்னப் பெருக்கல், வகுத்தலால் அதை வரவழைக்க முடியாது. ஆறாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் வரும் பகா எண்ணுக்கு, இன்றைக்கு உங்கள் போனில் ஒலிக்கும் சுருதியில் ஒரு பங்கு இருக்கிறது.

‘432 ஹெர்ட்ஸ்தான் பிரபஞ்சத்தின் சுருதி, 440 மனதைக் கெடுக்கும்’ என்று குடும்ப குரூப்பில் ஒரு ஃபார்வர்டு சுற்றுமே, அதையும் இங்கேயே முடித்துவிடலாம். ஹெர்ட்ஸ் என்பது விநாடிக் கணக்கு. விநாடி என்பது மனிதன் ஒரு நாளை 24, 60, 60 என்று கூறுபோட்டு வைத்த அளவு. வேறு மாதிரி கூறுபோட்டிருந்தால் அதே ஒலிக்கு வேறு எண் வந்திருக்கும். பிரபஞ்சத்துக்கு நம் கடிகாரம் தெரியாது. நம் சங்கீதத்திலோ பாடுகிறவர் எங்கே ‘ச’ வைக்கிறாரோ அதுதான் ‘ச’. 432-ல் வைத்துக் கணக்குப் போட்டால் 5 கட்டை ‘ச’ 196-லிருந்து 192.4-க்கு இறங்கும். அவ்வளவுதான் நடக்கும்.

ஆப் சிவப்பு காட்டினால் குழந்தை தப்பா?

ஞாயிற்றுக்கிழமை வேறு பிரச்னை. அம்மா இன்னொரு ஆப் இறக்கியிருந்தார். பாடினால் முள் ஆடும். சுரம் சரியாக இருந்தால் பச்சை, விலகினால் சிவப்பு. சின்னவள் பாடிய ‘ச’ பச்சை. ‘ப’ பச்சை. ‘க’ மட்டும் ஒவ்வொரு முறையும் சிவப்பு.

“என்னங்க, இவளுக்குக் காந்தாரமே சேரலை. டீச்சர் கிட்ட சொல்லணும்.”

சின்னவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த முறை ‘க’ வந்தபோது குரலைக் கொஞ்சம் ஏற்றிப் பிடித்தாள். முள் பச்சைக்கு வந்தது. பாட்டியின் முகம் சுளித்தது.

இங்கே பாட்டி சொல்வதுதான் சரி. சரளி வரிசை மாயாமாளவகௌளை ராகம். அதில் வருவது அந்தர காந்தாரம். ‘ச’ 196-ல் இருந்தால் இயற்கையாக ஒட்டும் காந்தாரம் அதைப்போல ஒன்றேகால் மடங்கு, அதாவது 245 ஹெர்ட்ஸ். ஆனால், ஆப்புக்குத் தெரிந்தது 1.05946 பெருக்கல் மட்டும். அதன் கணக்கில் காந்தாரம் 246.9. சின்னவள் முதலில் பாடியது 245. ஆப் அதை ‘கம்மி’ என்றது.

இரண்டு ஹெர்ட்ஸ்கூட இல்லையே என்று தோன்றலாம். ஆனால் 245-ம் 246.9-ம் ஒன்றாக ஒலித்தால் விநாடிக்கு ஏறத்தாழ இரண்டு முறை ஒலி ஏறி இறங்கி ‘வாவ் வாவ்’ என்று அடிக்கும். தம்புரா இருக்கும் அறையில் அது காதைக் குத்தும். காரணம், தம்புராவுக்குள்ளேயே அந்தக் காந்தாரம் ஒளிந்திருக்கிறது. 98 ஹெர்ட்ஸில் மீட்டப்படும் மந்தர ‘ச’ தந்தி, 98-ல் மட்டும் ஒலிப்பதில்லை. அதன் 2, 3, 4, 5 மடங்குகளிலும் சேர்ந்து ஒலிக்கிறது. ஐந்தாவது மடங்கு 490. அது 245-ன் இரட்டிப்பு. நல்ல தம்புராவில் யாரும் மீட்டாத காந்தாரம் கேட்கிறது என்று பெரியவர்கள் சொல்வது கற்பனை இல்லை. குதிரையின் அகலமான வளைவும், தந்திக்கு அடியில் செருகும் நூலும் இந்த மேல் ஒலிகளை எப்படித் தூக்கிக் காட்டுகின்றன என்று சர் சி.வி.ராமன் 1921-லேயே எழுதியிருக்கிறார்.

பஞ்சமத்தில் இந்தச் சண்டை வராது. இயற்கைப் ‘ப’ 294. ஆப் கணக்கில் 293.7. எந்தக் காதும் கண்டுகொள்ளாது. அதனால்தான் ‘ப’ பச்சை.

அகில இந்திய வானொலி 1940-ல் ஆர்மோனியத்துக்குத் தடை போட்டதற்கும் இதுமாதிரி காரணங்கள் சொல்லப்பட்டன: கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே வழுக்கிப் போக முடியாது, நுண்ணிய சுருதிகள் வராது என்று. 1971 வரை அந்தத் தடை நீடித்தது. பாட்டியின் அப்பா ஒரு நாடகக் கம்பெனியில் ஆர்மோனியம் வாசித்தவர். வானொலியைப் பற்றி வீட்டில் யாரும் அவரிடம் பேச மாட்டார்களாம்.

இயற்கைச் சுரத்தையும் சமப் பங்கையும் ஒன்றாக்கப் பார்ப்பது தமிழுக்குப் புதிதில்லை. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்ற ஏழு நம்முடையவை. ‘ச’ குரல் என்றால் ‘ப’ இளி. இளிக்கு இளி, அதற்கு இளி என்று பன்னிரண்டு முறை தாவினால் தொடங்கிய சுரத்துக்கே திரும்பி வர வேண்டும். கணக்குப் போட்டால் வராது! ஒன்றரையை 12 முறை பெருக்கினால் 129.75, ஏழு ஸ்தாயி என்பது 128. கொஞ்சூண்டு மிஞ்சும். தஞ்சாவூரில் சித்த வைத்தியம் பார்த்துக்கொண்டே இசை ஆராய்ந்த ஆபிரகாம் பண்டிதர் இந்த மிச்சத்தோடு ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டினார். ஸ்தாயிக்கு 22 அல்ல, 24 சுருதி என்று வாதாடி, 1916-ல் பரோடா மாநாட்டுக்குத் தன் மகள்களையும் அழைத்துப் போய்ப் பாடிக் காட்டினார். 1917-ல் வந்த அவருடைய ‘கருணாமிர்த சாகரம்’ புத்தகத்தில் பக்கம் பக்கமாக எண்கள்தான். அறிவியல் படித்த கிழக்கிலங்கைத் துறவி விபுலானந்தர், 1947-ல் வெளியான ‘யாழ் நூலில்’ இதே ஆற்றை வேறு துறையில் இறங்கிக் கடந்தார். கால்குலேட்டர் இல்லாத காலம்.

அம்மாவுக்கான பதில் சின்னதுதான். ‘ச’, ‘ப’ பார்க்க ஆப் போதும். மற்ற சுரங்களுக்குத் தம்புராவை ஓடவிட்டுக் காதால் கேட்கட்டும். முள்ளைப் பார்த்துக்கொண்டே பாடப் பழகினால், குழந்தை சரியாகப் பாடியதைத் தானே திருத்தித் தப்பாக்கிக்கொள்ளும்.

மூடிய கதவுக்குப் பின்னால்

இவ்வளவு கலாட்டாவிலும் வெளியே வராதவன் பெரியவன். ஒன்பதாம் வகுப்பு. போன வருடம் வரை 5 கட்டையில் வர்ணம் பாடி, பள்ளி விழாவில் பரிசு வாங்கியவன். ஆறு மாதமாகப் பாட்டு வகுப்புக்குப் போவதில்லை. கேட்டால் “பிடிக்கலை” என்பான். உண்மையான காரணம் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. கடைசியாகப் பாடிய அன்று மேல் ‘ச’வில் குரல் பிளந்து, வகுப்பே சிரித்தது.

இந்த வயதில் குரல் நாண்கள் நீண்டு தடிக்கின்றன. பேச்சுக் குரலே ஏறத்தாழ ஒரு ஸ்தாயி இறங்கிவிடும். நேற்று வரை 196-ல் ‘ச’ வைத்தவனை இன்றும் அங்கேயே வைக்கச் சொல்வது, போன வருஷச் சட்டையை மாட்டிவிடுவது மாதிரி. கிழியும். குரல் கெட்டுப்போச்சு என்று நினைத்துப் பாட்டையே விட்டுவிடும் பையன்கள் எத்தனையோ வீடுகளில் இருக்கிறார்கள். மாற வேண்டியது கட்டைதான்.

எந்தக் கட்டைக்கு? இங்கே அந்த ஹெர்ட்ஸ் நிஜமாகவே உதவுகிறது. கர்னாடகப் பாட்டுகள் பலவும் மந்தர ‘ப’விலிருந்து தார ஸ்தாயி ‘ப’ வரைக்குள் அடங்கும். மந்தர ‘ப’ என்பது ‘ச’வில் முக்கால் பங்கு, தார ‘ப’ மூன்று மடங்கு. குரல் சிரமமில்லாமல் இறங்கும் கடைசி ஒலியை ஆப்பில் பார்த்து, அதை 0.75 ஆல் வகுத்தால் ‘ச’ எங்கே இருக்கலாம் என்று ஒரு தோராயம் கிடைக்கும். மேலே எவ்வளவு போக வேண்டியிருக்கும் என்பதையும் மூன்றால் பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம். முடிவு டீச்சருடையது, பேசும்போது அவர் கையில் ஒரு எண் இருக்கும். குரல் மாறும் காலத்தில் இந்த எண்ணும் நகரும் என்பதால், சில வாரங்களுக்கு ஒருமுறை திரும்பப் பார்க்க வேண்டும். கத்தி ஏற்றிப் பாட வைக்கக் கூடாது. கரகரப்பு இரண்டு, மூன்று வாரத்துக்கு மேல் விடாமல் இருந்தாலோ, தொண்டை வலித்தாலோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

ஞாயிறு சாயந்திரம் அப்பா போனை எடுத்துக்கொண்டு பெரியவன் அறைக்குப் போனார். “பாட வேண்டாம்டா. சும்மா ‘ஆ’ன்னு கீழே இறக்கிட்டே போ. நம்பர் மட்டும் பாக்கணும்.” பாட்டு என்றிருந்தால் மறுத்திருப்பான். நம்பர் என்றதும் எழுந்து உட்கார்ந்தான். மூன்று முறை இறக்கினான். 110-க்குக் கீழே காற்றுதான் வந்தது.

110-ஐ 0.75 ஆல் வகுத்தால் 146.7. இரட்டிப்பாக்கினால் 293-க்குக் கொஞ்சம் மேலே. ஸ்கிரீன்ஷாட்டில் தேடினான்.

“ரெண்டு கட்டைப்பா. டி.”

இந்த முறை அப்பா சரியான எழுத்தை அமுக்கினார். கதவு மறுபடி சாத்திக்கொண்டது. தம்புரா மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. அப்புறம், சரளி வரிசை. மேல் ‘ச’வில் லேசாக ஒரு பிசிறு. ஹாலில் சின்னவள் களுக்கென்று சிரிக்க வாயெடுத்தாள். பாட்டி அவள் வாயில் ஒரு முறுக்கைத் திணித்தார்.